கம்ப்யூட்டர் மேலதான் சார் தப்பு! - கத்துக்குட்டிகளின் சரித்திரம்

பொட்டி தட்டிப் பொழைக்கிற யாரையாவது பிடிச்சு, "புதுசா சேர்ந்திருக்கிற பசங்க எப்படி?"ன்னு கேட்டுப் பாருங்க. முதல்ல ஒரு பெருமூச்சு வரும். அப்புறம் பட்டியல் வரும்.

"நான் ஒண்ணுமே மாத்தலை சார், அதுவா நின்னுடுச்சு."
"நேத்து ஓடுச்சே!"
"என் மெஷின்ல ஓடுதே!"
"கம்பைலர்ல ஏதோ பிரச்சனைன்னு நினைக்கிறேன்."

இந்த நாலையும் கேட்காத சீனியர்னு ஒருத்தர் இருந்தா, அவர் இன்னும் வேலைக்கே சேரலைன்னு அர்த்தம் :-)

சி.டி. தட்டுல காபி கப்பை வச்சவர் கதை, "எனி கீ"ங்கிற பட்டனைக் கீபோர்டு முழுக்கத் தேடினவர் கதையெல்லாம் எல்லாரும் படிச்சுச் சிரிச்சு முடிச்சதுதான். நான் சொல்ல வந்தது வேற. புரோகிராம் எழுதப் பழகுறவங்க திரும்பத் திரும்பப் பண்ற சில தப்புகளுக்கு ஒரு சரித்திரமே இருக்கு. சிலது கம்ப்யூட்டரை விட வயசுல மூத்தது. ஒண்ணு ரோமாபுரியில ஜூலியஸ் சீசரைக் கொன்ன கையோட ஆரம்பிச்சது. ஒண்ணு 28 பேர் உயிரைக் குடிச்சது. இன்னொண்ணு நம்ம தெனாலிராமனையே அவமானப்படுத்திடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவுதான், காபி எடுத்துக்கிட்டு வாங்க.

எம்.பி. கேட்ட கேள்வி

கம்ப்யூட்டருக்குக் கொள்ளுத் தாத்தான்னா அது சார்லஸ் பாபேஜ். அவர் காலத்துல மடக்கை அட்டவணை, கடல் பயண அட்டவணை எல்லாம் மனுஷங்க உட்கார்ந்து கணக்குப் போட்டு, அச்சுக் கோத்து வந்ததுதான். கணக்குல தப்பு, படி எடுக்கிறதுல தப்பு, அச்சுல தப்பு. அட்டவணையை நம்பிக் கப்பலை ஓட்டுறவன் கதி? இதைப் பார்த்து எரிச்சலாகித்தான், பல்சக்கரங்களை வச்சுத் தானாவே கணக்குப் போட்டு அட்டவணை தர்ற மெஷின் ஒண்ணு செய்யலாம்னு 1822ல கிளம்பினார். பிரிட்டிஷ் அரசாங்கமும் பணம் கொடுத்துச்சு. கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. 1842ல "போதும்பா சாமி"ன்னு கையைக் கழுவினப்போ செலவு சுமார் 17,000 பவுண்டைத் தொட்டிருந்தது. மெஷின் முடியலை.

1864ல வந்த தன் வாழ்க்கைக் கதையில பாபேஜ் ஒரு விஷயம் சொல்றார். பார்லிமெண்டு ஆளுங்க ரெண்டு பேர், மேல்சபையில ஒருத்தர், கீழ்சபையில ஒருத்தர், தனித்தனியா வந்து அவரை ஒரே கேள்வி கேட்டாங்களாம். மெஷினுக்குள்ள தப்பான எண்களைப் போட்டாலும் சரியான விடை வெளியே வந்துடுமான்னு. இப்படி ஒரு கேள்வி ஒரு மனுஷன் மண்டைக்குள்ள எப்படித்தான் உருவாகும்னு தனக்கு விளங்கலைன்னு மனுஷர் நொந்துக்கிறார்.

படிக்கும்போது நமக்கும் சிரிப்பு வருது. ஆனா கொஞ்சம் அந்த எம்.பி. நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. "இந்த மெஷின் தப்பே பண்ணாது"ன்னு சொல்லித்தான் அவங்ககிட்ட பணம் வாங்கினது. தப்பே பண்ணாத மெஷின்னா தப்பைத் திருத்துமா திருத்தாதான்னு ஒருத்தர் கேட்கிறது அவ்வளவு பெரிய குத்தமா? மெஷின் பண்ற தப்பு வேற, மெஷினுக்குக் கொடுக்கிற தப்பு வேறங்கிற வித்தியாசம் பாபேஜுக்குத் தண்ணி பட்ட பாடு. உலகத்துல மத்த எல்லாருக்கும் அது புதுசு.

முக்கால்வாசி கத்துக்குட்டித் தப்புகளோட வேர் இங்கேதான் இருக்கு. வேற ஒரு இடத்துல ஒழுங்கா வேலை செஞ்ச நினைப்பு, மெஷின்கிட்ட வந்ததும் காலை வாரி விடுது.

மாடிப்படியில் வந்த ஞானம்

அடுத்தது 1949, கேம்பிரிட்ஜ். மாரிஸ் வில்க்ஸும் அவரோட ஆளுங்களும் கட்டின எட்சாக் கம்ப்யூட்டர் மே 6ம் தேதி முதல் புரோகிராமை ஓட்டிக் காட்டுச்சு. புரோகிராமை ஒரு காகித நாடாவில ஓட்டை போட்டு எழுதி, அதைக் கம்ப்யூட்டர்ல கொண்டுபோய்க் கொடுக்கணும்.

ஓடினது சின்னச் சின்னப் புரோகிராம். அதனால வில்க்ஸ் கொஞ்சம் பெரிசா, உருப்படியான ஒண்ணு எழுதலாம்னு உட்கார்ந்தார். ஏரி சமன்பாடுன்னு ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. மொத்தம் 126 வரி. அதுல ஏறக்குறைய 20 தப்பு! கம்ப்யூட்டரைக் கட்டினதே அவர்தான், அவருக்கே இந்த நிலைமை. ஓட்டை போடுற அறைக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவுல மாடிப்படியில ஏறி இறங்கிக்கிட்டு இருந்தப்போ, ஒரு திருப்பத்துல அவருக்கு உறைச்சதாம்: இனிமே நம்ம ஆயுசுல பாதி, நம்ம எழுதினதுலயே தப்பு கண்டுபிடிக்கிறதுல போகப் போகுதுன்னு.

அதுக்கு முன்னால வரைக்கும், யோசிச்சு எழுதினா புரோகிராம் சரியா வந்துடும்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. இன்னிக்கு முதல் வருஷம் படிக்கிற பிள்ளை "லாஜிக் கரெக்ட்டாத்தான் சார் இருக்கு, ஏன் ஓடலை?"ன்னு கேட்குதே, அது வில்க்ஸ் நின்ன அதே படியிலதான் நிக்குது. வில்க்ஸுக்கு 1967ல டூரிங் விருது கொடுத்தாங்க. நம்ம பிள்ளைக்கு இன்டர்னல்ல 3 மார்க்கு குறைச்சாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

தப்பு, "பக்"னு சொன்னதும் யாராவது ஒருத்தர் அந்த அந்துப்பூச்சிக் கதையை எடுப்பீங்க. அதையும் முடிச்சுடறேன். 1947 செப்டம்பர் 9ம் தேதி ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டரோட ரிலே ஒண்ணுல அந்துப்பூச்சி மாட்டிக்கிட்டது நெசம். அதை எடுத்துக் குறிப்பேட்டுல டேப் போட்டு ஒட்டினதும் நெசம். ஆனா அதுலருந்துதான் "பக்"ங்கிற பேரே வந்ததுங்கிறது கட்டுக்கதை. எடிசன் 1878லயே தன் கருவிகள்ல வர்ற கோளாறுக்கு இந்த வார்த்தையை எழுதியிருக்கார். குறிப்பேட்டுல எழுதினவங்களும், நெசமாவே பூச்சி ஒண்ணு அகப்பட்ட முதல் கேஸ் இதுதான்னு தமாஷாத்தான் எழுதி வச்சாங்க. வார்த்தை ஏற்கெனவே புழக்கத்துல இருந்தாத்தானே அந்த ஜோக்குக்கே அர்த்தம்?

ரெண்டு கோடு போட்ட வினை

பள்ளிக்கூடத்துல கணக்கு நல்லா வர்ற பிள்ளைங்கதான் புரோகிராமிங் வகுப்புல முதல்ல முழிக்கும். ஏன்னா முதல் வாரத்துலயே வாத்தியார் போர்டுல எழுதுவார்: எக்ஸ் = எக்ஸ் + 1.

"சார், இது எப்படி சார் சாத்தியம்? ரெண்டு பக்கமும் எக்ஸை எடுத்துட்டா 0 = 1னு வருமே?"

இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையை என்னைக் கேட்டா தட்டிக் கொடுக்கணும். அது சொல்றதுதான் கணக்குப்படி சரி. சமக்குறியைக் கண்டுபிடிச்சவர் ராபர்ட் ரெகார்டுங்கிற வேல்ஸ் நாட்டு வைத்தியர். 1557ல வந்த அவரோட கணக்குப் புஸ்தகத்துலதான் அது முதல்ல அச்சுல வந்தது. ஒரே நீளத்துல பக்கத்துப் பக்கத்துல ஓடுற ரெண்டு கோட்டை விட சமமான பொருள் வேற என்ன இருக்குங்கிறது அவர் வாதம். நானூறு வருஷம் அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம்தான்: இதுவும் அதுவும் சமம்.

1957ல ஐபிஎம்ல ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழியைக் கொண்டுவந்தப்போ, "வலது பக்கத்து மதிப்பை எடுத்து இடது பக்கத்து டப்பாவுல போடு"ங்கிறதுக்கு இதே குறியைப் போட்டுட்டாங்க. அடுத்த வருஷமே வந்த அல்கால்காரங்க, "இது குழப்பும்டா"ன்னு முன்னால ஒரு முக்காற்புள்ளி சேர்த்து ":="னு வச்சாங்க. நியாயமான ஏற்பாடு. ஆனா 1970களின் ஆரம்பத்துல பெல் லேப்ஸ்ல பிறந்த சி மொழி திரும்பவும் ஒற்றைக் குறிக்கே வந்துடுச்சு. டப்பாவுல போடுற வேலைதான் அடிக்கடி வரும், அதுக்கு ஒரு குறி போதும்; சமமான்னு கேட்கிறது கம்மி, அதுக்கு ரெண்டு குறி "==" போட்டுக்கலாம்னு கணக்கு. விரல் வலிக்கு மிச்சம் பிடிச்சாங்க, தலைவலிக்கு வழி பண்ணாங்க.

விளைவு என்ன? "சமமா?"ன்னு கேட்க வேண்டிய இடத்துல ஒரு குறியை விட்டுட்டா, கம்பைலர் அது பாட்டுக்கு மதிப்பை மாத்திட்டுப் போயிடும். உலகத்துல சி படிச்ச அத்தனை பேரும் ஒரு நாள் ராத்திரியாவது இதுல தூக்கத்தைத் தொலைச்சிருப்பாங்க.

இது வெறும் வகுப்பறைச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2003 நவம்பர்ல லினக்ஸ் கெர்னலோட மூலநிரல் பிரதி ஒண்ணுல யாரோ ஒரு விஷமி ரெண்டே ரெண்டு வரியைச் சொருகினான். பார்த்தா, "இந்தப் பயனர் எண் சைபரா?"ன்னு சோதிக்கிற மாதிரி இருக்கும். லினக்ஸ்ல சைபர்னா ரூட், அதாவது வீட்டு எஜமான். ஆனா "==" இருக்க வேண்டிய இடத்துல "=". அதனால சோதிக்கிறதுக்குப் பதிலா, ஓட்டுறவனை எஜமானாவே ஆக்கிடும்! மூலப் பிரதியோட ஒப்பிட்டப்போ வித்தியாசம் தெரிஞ்சு மாட்டிக்கிச்சு, யாருக்கும் பாதிப்பு இல்லை. அவன் போட்ட வேஷத்தைக் கவனிச்சீங்களா? பார்க்கிறவன் கண்ணுல பட்டாலும் "பாவம், யாரோ புதுப் பையன் தெரியாம விட்டுட்டான்"னு நினைச்சுக் கடந்து போகணும். திருடன் ஒளிஞ்சுக்கத் தேர்ந்தெடுத்த இடமே கத்துக்குட்டித் தப்புதான்.

வேலிக்கால் கணக்கு

100 மீட்டர் நீளத்துக்கு வேலி. 10 மீட்டருக்கு ஒரு கல்லுக்கால். மொத்தம் எத்தனை கால்? சட்டுனு 10னு சொன்னீங்கன்னா நீங்களும் நம்ம ஜாதிதான். விடை 11. இடைவெளியை எண்ணணுமா, காலை எண்ணணுமாங்கிற இந்தக் குழப்பத்தாலதான் லூப் ஒரு சுத்து கூடவோ குறைச்சலாவோ ஓடுது.

இதோட முதல் பெரிய பலி ரோமாபுரி காலண்டர். கி.மு. 45ல ஜூலியஸ் சீசர் புதுக் காலண்டரை அமல்படுத்தினார். வருஷத்துக்கு 365 நாள், நாலாவது வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் கூட. அடுத்த வருஷம் மார்ச் மாசம் அவரைக் குத்திக் கொன்னுட்டாங்க. காலண்டரைப் பார்த்துக்கிற பொறுப்பு பூசாரிகள் கைக்குப் போச்சு. ரோமானியர்கள் எண்ணும்போது ஆரம்பிச்ச இடத்தையும் சேர்த்து எண்ணுவாங்க. நாமளும் அப்படித்தானே? திங்கட்கிழமை விசேஷம் நடந்தா "மூணாம் நாள்" புதன்கிழமை. அதே மாதிரி பூசாரிகள் லீப் வருஷத்தையே ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்சு, நாலாவதுன்னு நினைச்சு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாளைச் சேர்த்துட்டாங்க.

36 வருஷம் இப்படியே ஓடுச்சு. 9 நாள் சேர்க்க வேண்டிய இடத்துல 12 நாள். ஆகஸ்டஸ் சக்கரவர்த்தி வந்து, கொஞ்ச காலத்துக்கு லீப் நாளே வேண்டாம்னு நிறுத்தி வச்சுத்தான் அதைச் சரி பண்ணினார். ஒரு சாம்ராஜ்யமே லூப்பை ஒரு சுத்து தப்பா ஓட்டியிருக்கு!

தமிழ்நாட்டுல இந்தச் சிக்கலுக்கு நம்ம பாட்டிமாருங்க அழகா ஒரு வழி வச்சிருந்தாங்க. ஜாதகக் கட்டோட வர்றவங்க பொண்ணுக்கு வயசு என்னன்னு கேட்டா, "25 முடிஞ்சு 26 நடக்குது"ம்பாங்க. முடிஞ்ச கால் எத்தனை, நடக்கிற இடைவெளி எது, ரெண்டும் ஒரே வாக்கியத்துல! எண்ணிக்கையைச் சைபர்ல ஆரம்பிக்கணும்னு டச்சுக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982ல கையால எழுதின ஒரு குறிப்பு எங்க தொழில்ல ரொம்பப் பிரபலம். அவருக்கு நம்ம பாட்டியைத் தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு அதே லீப் வருஷம் மைக்ரோசாஃப்டையும் விடலை. 2008 டிசம்பர் 31 அன்னிக்கு 30 ஜிபி ஜூன் பாட்டுப்பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்துல உறைஞ்சு போச்சு. உள்ளே தேதி பார்க்கிற லூப் என்ன பண்ணுச்சுன்னா: நாள் எண் 365ஐ விடப் பெரிசா இருந்தா சுத்து, லீப் வருஷமா இருந்தா, நாள் 366ஐ விடப் பெரிசா இருந்தாத்தான் கழி. அன்னிக்கு நாள் எண் மிகச் சரியா 366. சுத்தவும் சொல்லுது, கழிக்கவும் மாட்டேங்குது. செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. நிறுவனம் சொன்ன வைத்தியம்தான் டாப்பு: பேட்டரி தீர்ற வரைக்கும் விடுங்க, ஜனவரி 1ம் தேதி கிரீன்விச் நேரப்படி மத்தியானம் ஆனதும் சார்ஜ் போட்டு ஆன் பண்ணுங்க, சரியாயிடும். சரியாச்சு. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ங்கிற நம்ம தேசிய கீதம் உலகப் புகழ் அடைஞ்ச நாள் அது :-)

இதை விடக் கூத்து எக்ஸெல். 1900 லீப் வருஷம் இல்லை. நூறால வகுபடற வருஷம் நானூறாலயும் வகுபட்டாத்தான் லீப். ஆனா 1983ல வந்த லோட்டஸ் 1-2-3 அதை லீப் வருஷமா எடுத்துக்கிச்சு. அந்த ஃபைல்களோட ஒத்துப் போகணும்னு எக்ஸெல்லும் தெரிஞ்சே அதை வச்சுக்கிச்சு. இன்னிக்கும் எக்ஸெல்ல 60ங்கிற எண்ணைத் தேதியா மாத்தினா, 1900 பிப்ரவரி 29னு உலகத்துல இல்லாத ஒரு நாளைக் காட்டும். பார்த்துட்டுச் சொல்லுங்க.

இருமா படுத்தின பாடு

புதுசா வந்த பிள்ளை ஓடி வருது. "சார், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004னு வருது. கம்ப்யூட்டருக்குக் கூட்டல் தெரியலை!"

இதுக்குக் காரணம் சொல்ல நம்ம பழைய கணக்கு வாய்பாடு மாதிரி வசதி வேற இல்லை. நம்ம தாத்தாக்கள் கணக்குல அரை, கால், அரைக்கால், வீசம்னு ஒரு வரிசை உண்டு. 1/2, 1/4, 1/8, 1/16. ஒவ்வொண்ணும் முன்னதுல பாதி. இன்னொரு வரிசை மா. ஒரு மா 1/20, இருமா 1/10.

கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது ரெண்டே இலக்கம், 0, 1. அதனால அதுக்குப் பாதி பாதியாத்தான் வெட்டத் தெரியும். அரை, கால், அரைக்கால், வீசம் வரைக்கும் கச்சிதமா சொல்லிடும். இருமாவைக் கேட்டீங்கன்னா முழிக்கும். எத்தனை தடவை பாதியாக்கிச் சேர்த்தாலும் 1/10 சரியா வராது. நாம மூணுல ஒண்ணை 0.3333னு எழுதிட்டு எங்கேயோ ஓரிடத்துல பேனாவை வைக்கிறோமே, அதே மாதிரி அதுவும் எங்கேயோ நிறுத்தியாகணும். நிறுத்தின இடத்துல ஒரு துளி சிந்தும்.

இது வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தோம். இனிமே சொல்றதுல சிரிக்க ஒண்ணும் இல்லை.

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவூதி அரேபியாவில தஹ்ரான்ல ஒரு பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு நிலையம். அதோட கடிகாரம் நேரத்தைப் பத்துல ஒரு நொடி கணக்குல எண்ணி, வர்ற எண்ணை 1/10ஆல பெருக்கி நொடியாக்கும். அந்த 1/10ஐ 24 பிட்டுக்குள்ள வெட்டி வச்சிருந்தாங்க. சிந்தின துளி ஏறத்தாழ 0.000000095. யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனா அந்த நிலையம் நிறுத்தாம சுமார் 100 மணி நேரம் ஓடிக்கிட்டு இருந்தது. 100 மணி நேரத்துல 36 லட்சம் துடிப்பு. பெருக்கிப் பாருங்க, 0.34 நொடி. ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்துல அரை கிலோமீட்டருக்கு மேல பறந்துடும். ரேடார் வானத்துல தப்பான இடத்துல தேடுச்சு, ஒண்ணும் இல்லைன்னு விட்டுடுச்சு. ஸ்கட் படைவீரர்கள் தங்கியிருந்த கொட்டகையில விழுந்து 28 பேர் இறந்தாங்க.

ரொம்ப நேரம் ஓட்டினா குறி விலகும்னு நாலு நாள் முன்னாலயே பயன்படுத்துறவங்களுக்குத் தகவல் போயிருந்தது. "ரொம்ப நேரம்"னா எத்தனை மணி நேரம்னு அதுல சொல்லலை. திருத்தின மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26ம் தேதி. மறுநாள்.

அதை எழுதினவங்க யாரும் கத்துக்குட்டி இல்லை. அதனாலதான், "கம்ப்யூட்டருக்குக் கூட்டல் தெரியலை"ன்னு ஒரு பிள்ளை ஓடி வந்தா, சிரிச்சு அனுப்பாம உட்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கணும்னு சொல்றேன். அது கண்டது ஒரு நிஜமான விஷயம்.

ஒரே ஒரு தடவை, கம்ப்யூட்டர் மேலதான் தப்பு

"கம்ப்யூட்டர் தப்பாப் போடுது சார்"னு சொன்னா நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது தரம் சொன்னவர் மேலதான் தப்பு. அந்த மிச்சம் ஒண்ணு இருக்கே, அதையும் சொல்லிடணும்.

1994ல அமெரிக்காவில லிஞ்ச்பர்க் கல்லூரியில தாமஸ் நைஸ்லின்னு ஒரு கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்கள் சம்பந்தமான ஒரு கூட்டுத்தொகையைப் பல கம்ப்யூட்டர்கள்ல ஓட்டிக்கிட்டு இருந்தார். புதுசா வாங்கின பென்டியம் பொட்டியைச் சேர்த்த பிறகு, ஜூன் மாசம் விடை ஒத்துப் போகலை. நம்ம ஆளா இருந்தா அன்னிக்கே "பென்டியம் சரியில்லை"ன்னு பதிவு போட்டிருப்போம். அவர் அப்படிப் பண்ணலை. முதல்ல தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டார். அப்புறம் கம்பைலரை, அப்புறம் மதர்போர்டை. ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி ஓட்டி, நாலு மாசம் கழிச்சு அக்டோபர்லதான் சிப் மேல கையை நீட்டினார்.

அவர் சொன்னது சரி. வகுத்தலுக்கு அந்த சிப் உள்ளே வச்சிருந்த அட்டவணையில சில இடங்கள் விட்டுப் போயிருந்தது. 4195835ஐ 3145727ஆல வகுத்தா 1.33382னு வரணும், பென்டியம் 1.33373னு சொன்னது. சாதாரணப் பயனருக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் இது நேரும்னு இன்டெல் முதல்ல சமாதானம் சொல்லிப் பார்த்தது. ஜனங்க விடலை. டிசம்பர் 20ம் தேதி, கேட்கிறவங்க எல்லாருக்கும் சிப்பை மாத்தித் தர்றோம்னு இறங்கி வந்தது. இதுக்காக அந்த நிறுவனம் ஒதுக்கின தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர்.

தப்பான அட்டவணையால வந்த வினையை ஒழிக்கத்தான் பாபேஜ் மெஷின் கட்டப் புறப்பட்டார். நூத்து எழுபது வருஷம் கழிச்சு மெஷினுக்குள்ளயே ஒரு தப்பான அட்டவணை!

நைஸ்லிக்கும் கத்துக்குட்டிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் சொன்னது ஒரே வாக்கியம்தான். கத்துக்குட்டி அதை முதல்ல சொல்லுது, அவர் கடைசியில சொன்னார்.

விகடகவி தோத்த கதை

கடைசியா நம்ம வீட்டுச் சமாச்சாரம். தமிழ்ல நிரல் எழுதிப் பார்த்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்.

எல்லா வகுப்புலயும் கொடுக்கிற பயிற்சி: ஒரு வார்த்தையைத் திருப்பிப் போட்டு, ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாரு. நம்ம ஊர்ல இதுக்கு உதாரணம்னா விகடகவிதான். தெனாலிராமன் பட்டமாச்சே! முன்னாலருந்து வாசிச்சாலும் பின்னாலருந்து வாசிச்சாலும் வி-க-ட-க-வி.

சாதாரணமா எழுதின புரோகிராம்ல அதைக் கொடுத்துப் பாருங்க. "இல்லை, இது அப்படிப்பட்ட வார்த்தை இல்லை"ன்னு முகத்துல அடிச்சாப்புல சொல்லும். எத்தனை எழுத்துன்னு கேட்டா அஞ்சுக்குப் பதிலா 7ங்கும். தமிழ்ங்கிற வார்த்தைக்கு மூணெழுத்து இல்லை, அஞ்சுன்னு அடம் பிடிக்கும்.

காரணம், யூனிகோடுல "வி" ஒரு எழுத்தா இல்லை. "வ" ஒரு குறியீடு, இகரக் கொக்கி தனியா இன்னொரு குறியீடு. திருப்பிப் போடும்போது கொக்கி கழண்டு முன்னால வந்துடுது, கடைசியில மொட்டையா ஒரு "வ" நிக்குது. "ஒரு எழுத்துன்னா ஒரு குறியீடு"ங்கிறது ஆங்கிலத்துக்குத் தைச்ச சட்டை. 247 எழுத்து இருக்கிற நமக்கு அது பத்தலை. நாம ஒண்ணுன்னு நினைக்கிற உயிர்மெய் மெஷினுக்குப் பெரும்பாலும் ரெண்டு.

இதுல கத்துக்குட்டி யாரு? அஞ்சாம் வகுப்புப் பையனைக் கேட்டா "வி" ஒரே எழுத்துன்னு சரியாச் சொல்லுவான். வருஷக்கணக்கா ஆணி புடுங்கின ஆளு, ஆங்கிலத்துல பழகின பழக்கத்துல 7ன்னு விடை தர்ற புரோகிராமை எழுதி வாடிக்கையாளர்கிட்ட கொடுத்துட்டுப் போறார். தமிழ்ப் பேரை நடுவுல வெட்டிப் புள்ளியை அடுத்த வரியில தொங்க விடற ரசீதுகளைப் பார்த்திருப்பீங்க. அதை எழுதினது பெரும்பாலும் ஒரு சீனியராத்தான் இருக்கும்.

ஆக...

ரோமாபுரி பூசாரி முட்டாள் இல்லை. அவர் ஊர்ல எல்லாரும் எண்ணின மாதிரி எண்ணினார். 0 = 1னு கேட்கிற பிள்ளை மக்கு இல்லை. ரெகார்டு சொன்னதை நம்பியிருக்கு. எம்.பி.யும் அப்படித்தான். எங்க தொழில்ல இருக்கிறவங்க இந்தத் தப்புகளைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறது சகஜம். பத்தாவது தடவை அதே கேள்வியைக் கேட்டா யாருக்கும் வரும், சாமியாருக்கும் வரும்.

ஆனா ஒண்ணு. நமக்கு அது பத்தாவது தடவை, கேட்கிற பிள்ளைக்கு முதல் தடவை. வீட்டுல கம்ப்யூட்டரே பார்க்காம காலேஜுக்கு வந்த பிள்ளை, முதல் மாசமே நாலு பேர் முன்னால சிரிப்பு வாங்கினா, அடுத்து கேள்வியே கேட்காது. கேள்வி கேட்காம தலையாட்டிக்கிட்டே சீனியராகிடும். "ரொம்ப நேரம்னா எத்தனை மணி நேரம் சார்?"னு கேட்க அன்னிக்குத் தஹ்ரான்ல ஒரு கத்துக்குட்டி இல்லாம போச்சே.

அதனால அடுத்த தடவை யாராவது "கம்ப்யூட்டர் மேலதான் சார் தப்பு"ன்னு வந்தா, ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்க. "எப்படிக் கண்டுபிடிச்சே, காட்டு"ன்னு கேளுங்க. தொண்ணூத்தொம்பது தடவை அவங்களுக்குப் பாடம். ஒரு தடவை நமக்கு.

டிஸ்கி: உங்ககிட்ட இருக்கிற கத்துக்குட்டிக் கதைகளைப் பின்னூட்டத்துல அவிழ்த்து விடுங்க. ஆள் பேரும் ஆபீஸ் பேரும் வேண்டாம். அப்படியே அந்த எக்ஸெல் 60 என்ன ஆச்சுன்னும் சொல்லிட்டுப் போங்க :-)